நேற்றைச் சொல்லச் சொன்னவர்

எங்கள் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு நீல நிறக் கிரேடு கவிழ்த்துப் போட்டுக் கிடக்கிறது. தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பாலக்கோட்டு மண்டியில் நாங்கள் கிரேடு என்றுதான் சொல்வோம். வெயில் பட்டுப் பட்டு அதன் நீலம் சாம்பலாக வெளுத்துவிட்டது. ஒரு மூலை உடைந்துபோய், கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூல் வாங்கக் கூடாதா என்று கேட்பதுண்டு. சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் ஒன்றை விளக்கிச் சொல்வது எனக்கு எப்போதுமே வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. ஒரு பிள்ளை தன் தாயிடம் இருக்கலாமா, கூடாதா என்பதை இந்தக் கிரேடு மேல் உட்கார்ந்துதான் ஒருவர் யோசித்து முடிவுக்கு வந்தார். அவருக்கு ஊரும் பேரும் இருந்தன. ஆனால் எங்களுக்கு அவர் மேடம்தான். கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டோம்.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. விடிவதற்கு முன்பே டெம்போவிலும் டிராக்டரிலும் சரக்கு வந்து இறங்கிவிடும். தார்ப்பாயில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து பிரிப்போம். பாதி பழுத்த செங்காய் தூரத்து ஊர்களுக்குப் போகிற லாரிக்கு. நன்றாகப் பழுத்தது பக்கத்து ஊர்களுக்கு. வெடித்ததும் அழுகியதும் ஓரமாக. எங்கள் கூட்டத்தை அழைத்து வந்து வேலைக்கு விடுகிறவரை மேஸ்திரி அக்கா என்போம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அவர் கன்னடத்துக்குப் போகும் முன்பே நாங்கள் வேலையை முடித்துவிடப் பார்ப்போம்.

எங்களில் எல்லோருக்கும் இளையவளைச் சின்னவள் என்று கூப்பிட்டோம். உடம்பு வளர்ந்த அளவுக்கு அவளுக்கு மனசு வளரவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாது. கிழமை தெரியாது. கடைக்கு அனுப்பினால் வாங்கப் போனதை மறந்துவிட்டு வேறு எதையாவது சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வருவாள். ஆனால் தக்காளியில் அவள் கை தடுமாறி நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்த சில மாதங்களில் அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதலில் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. கூட இருந்த அவள் அம்மாவும் இறந்துவிட்டார். என் வீட்டுச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் அவளும் அவள் பெண்குழந்தையும் இருந்தார்கள். அந்தக் குழந்தையை நாங்கள் எல்லோரும் பாப்பா என்போம்.

நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்த பாப்பாவைச் சின்னவள் மண்டிக்குத் தூக்கி வந்துவிடுவாள். ஒரு காலிக் கிரேடில் பழைய சேலையை மடித்துப் போட்டுப் படுக்க வைப்பாள். பாப்பாவுக்கு அது தொட்டில் மாதிரி. கூச்சலுக்கும் லாரிச் சத்தத்துக்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும். எங்களுக்கு அது பழகிப்போன காட்சி. பழகிப்போனதால்தான் அதில் இருந்த ஆபத்து எங்கள் கண்ணில் படவில்லை. வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வந்த யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்து, புத்தி சரியில்லாத ஒரு பெண் குழந்தையைப் பெட்டியில் போட்டு லாரிகளுக்கு நடுவில் விட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தர்மபுரி குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மேடம் வந்தார். ஸ்கூட்டியை மண்டி வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து வந்தது நினைவிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயது. கசங்கிய பருத்திச் சேலை. தோளில் ஒரு துணிப்பை. ஆபீசர் அம்மா வந்திருக்கிறார் என்று மண்டிக்காரர் தன் அறையிலிருந்து நாற்காலியைத் துண்டால் துடைத்துக் கொடுத்து அனுப்பினார். மேடம் நன்றி சொல்லி வாங்கி, அதன்மேல் பையை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நீலக் கிரேடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் முகமும் அவர் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தன. அவர் அதை யோசித்துத்தான் செய்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை கேள்வி கேட்பதல்ல. பாப்பா தூங்கிய கிரேடைப் பார்த்தார், லாரி பின்னால் வரும் வழியைப் பார்த்தார், பிறகு சின்னவளிடம் குனிந்து, "பாப்பாவ நான் அந்தச் செவுத்துப் பக்கம் நகத்தி வைக்கலாமாம்மா?" என்று கேட்டார். சின்னவள் மேஸ்திரி அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார். சின்னவளிடம் ஒருவர் அனுமதி கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் அவளுக்கு எல்லாம் செய்வோம், ஆனால் எதையும் கேட்டுச் செய்ததில்லை. அவள் தலையை ஆட்டிய பிறகுதான் மேடம் கிரேடைத் தொட்டார்.

போன் செய்தவனை மேஸ்திரி அக்கா திட்டத் தொடங்கினார். எந்த நாசமாய்ப் போகிறவன் என்று ஆரம்பித்து, அவன் குடும்பம் வரைக்கும் போய்விட்டார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவர திட்டாதீங்க. லாரி ரிவர்ஸ் எடுக்கற எடத்துல கொழந்த தூங்கிட்டிருந்தா நானும் போன் பண்ணியிருப்பேன்."

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டோம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரிடம் எதைக் கேட்டாலும் நேற்றைக் கேட்பார். பாப்பா என்ன சாப்பிடும் என்று கேட்க மாட்டார். நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டது, யார் ஊட்டினார்கள், சாப்பிடும்போது எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்பார். மேஸ்திரி அக்கா, "எப்பவும் நல்லாத்தாங்க பாத்துக்குவா" என்று ஆரம்பித்தால், கையை லேசாக உயர்த்தி நிறுத்துவார். "எப்பவும்னு சொன்னீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நேத்து சொல்லுங்க." எப்போதும் என்று சொல்லும்போது மனிதர்கள் ஆசைப்படுவதைச் சொல்கிறார்கள், நேற்று என்று சொல்லும்போதுதான் நடந்ததைச் சொல்கிறார்கள் என்று பின்னாளில் என்னிடம் விளக்கியிருக்கிறார். அன்றைக்கு அது எங்களுக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு மேஸ்திரி அக்கா, "என்னாடி இந்தம்மா நேத்து சோத்தையே கேக்குது? பழையசோத்துக் கடை போடப் போவுதா?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் பயத்தோடுதான் சிரித்தோம்.

அவர் திரும்பத் திரும்ப வந்தார். சொல்லாமல் வருவார். ஒரு நாள் விடியும் நேரத்தில் வந்து, எங்களோடு கொஞ்ச நேரம் தக்காளி பிரித்தார். செங்காயையும் பழத்தையும் கலந்து போட்டு, சின்னவளிடம் திட்டு வாங்கினார். "அது இங்க இல்ல மேடம், எத்தன வாட்டி சொல்றது" என்று சின்னவள் அதட்டியபோது எங்களுக்கு உயிரே போய்விட்டது. மேடம் சிரித்துக்கொண்டே மாற்றி வைத்தார். வெடித்த பழம் ஒன்றை எடுத்து, சேலையில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டார். பேசிக்கொண்டே இருப்பார், கண் மட்டும் தாயையும் பிள்ளையையும் விட்டு நகராது.

அடுத்து வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் மேஸ்திரி அக்கா ஒரு திட்டம் போட்டார். ஏரியூர்ப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தாயால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிப் பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் சின்னவள் எல்லாவற்றையும் தானே செய்கிறாள் என்று காட்ட வேண்டும். சோறாக்குவது, துவைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் கை வேலைதான். நாங்கள் வெறும் பக்கத்து வீட்டுக்காரர்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் திட்டம். உண்மை என்னவென்றால், சின்னவளும் பாப்பாவும் சாப்பிட்ட களியும் குழம்பும் என் அடுப்பில்தான் வெந்தன. மேஸ்திரி அக்கா வாரத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு பேருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வார்ப்பார். இன்னொருத்தி துணி தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு என்று நாங்கள் செய்ததையெல்லாம், அவளுக்கு எதிராகப் போய்விடும் என்று பயந்து நாங்களே ஒளித்தோம்.

ஒத்திகை கூட நடந்தது. எங்கள் கூட்டத்தில் வாயாடி ஒருத்தி மேடமாக மாறி, கிரேடைக் கவிழ்த்துப் போட்டு, ஹெல்மெட்டுக்குப் பதில் அலுமினியக் குண்டானைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏம்மா, நேத்து உன் புள்ளைக்கு யாரு சோறாக்குனா?" என்றாள். நான்தான் என்று சின்னவள் சொல்ல வேண்டும். அவள் என்னைப் பார்த்து, "நீங்கதானேக்கா ஆக்குனீங்க, மறந்துட்டீங்களா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வேலையைப் பார்க்கப் போனோம். பாப்பா மட்டும் அந்தக் குண்டானைத் தட்டிக்கொண்டிருந்தது.

மேடம் வந்த அன்று காலையில் நான் என் வீட்டில் குழம்பு வைத்து, சூடு ஆறும் முன் சின்னவளின் அடுப்பு மேல் கொண்டுபோய் வைத்தேன். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. அவள் அம்மா இருந்தபோது வாங்கியது. அம்மா போன பிறகு யாரும் பற்ற வைக்காமல் அப்படியே இருந்தது. மேடம் உள்ளே வந்து, வாசனை நன்றாக இருக்கிறது, யார் ஆக்கியது என்று கேட்டார். சின்னவள் மேஸ்திரி அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றாள். சரி என்றார் மேடம். நேற்று என்று கேட்டார். "நேத்து அக்கா வூட்டுல களி. முந்தாநேத்தும் அக்கா வூடுதான்" என்று சின்னவள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். நேற்றைக்குப் பொய் சொல்ல அவளுக்கு நாங்கள் கற்றுக் கொடுத்தும் வரவில்லை.

மேஸ்திரி அக்காவுக்கு அப்போதாவது பேசாமல் இருக்கத் தெரியவில்லை. இல்லைங்க மேடம், நன்றாகச் சமைப்பாள், இப்போதே உங்களுக்கு ஒரு டீ போட்டுத் தருவாள் என்று சொல்லிவிட்டார். சின்னவள் துள்ளி எழுந்தாள். அடுப்பின் திருகைத் திருப்பினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது. தீப்பெட்டியைக் காணவில்லை. தேடிக்கொண்டே போனவள், வழியில் பாப்பா கையை நீட்டியதால் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எதைத் தேடினோம் என்பதையே மறந்துவிட்டாள். நாங்கள் உறைந்துபோய் நின்றோம். மேடம்தான் எழுந்துபோய்த் திருகை மூடினார். ஜன்னலைத் திறந்தார். கதவை அகலமாகத் திறந்து வைத்தார். "எனக்கு டீ வேணாம்மா. தண்ணி போதும்" என்று சொல்லி, சின்னவள் கொடுத்த சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிய பிறகு, மறுபடி உள்ளே போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பிள்ளை போய்விட்டது என்றே நாங்கள் நினைத்தோம். மேஸ்திரி அக்கா அன்று முழுவதும் கன்னடத்திலேயே இருந்தார். சின்னவளுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மேடம் எப்போது மறுபடி டீ குடிக்க வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மேடம் நேராக மண்டிக்கு வந்தார். அதே நீலக் கிரேடைத் தேடி எடுத்துக் கவிழ்த்து உட்கார்ந்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

"நீங்க எதை மறைச்சீங்களோ அதத்தான் நான் இத்தன நாளாத் தேடிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு தனியா எல்லாம் செய்வாளான்னு பாக்க நான் வரல. அவ தனியா இருக்கறாளா, அவளச் சுத்தி ஆளுங்க இருக்கறாங்களான்னு பாக்க வந்தேன். அவ தனியாத்தான் இருக்கறான்னு காட்டறதுக்கு நீங்க எல்லாருமாச் சேர்ந்து பாடுபட்டிருக்கீங்க."

அவர் நிறுத்தி, கொஞ்சம் தணிந்து, இன்னொன்றும் சொன்னார். அவள் உண்மையிலேயே தனியாக இருந்தால், பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொல்லி அவரே எழுதியிருப்பாராம். அதில் அவருக்குத் தயக்கமே இருக்காதாம். பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுத் தப்பாகிப்போனதும் உண்டு, பிரித்துவிட்டுத் தப்பாகிப்போனதும் உண்டு, இரண்டுமே தன்னைத் தூங்க விடாது என்றார். எங்களைப் போன்றவர்களிடம் ஒரு ஆபீசர் இப்படிப் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயப்படாதவர்களால்தான் முடிவெடுக்க முடியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்துகொண்டே, அந்தப் பயத்தை ஒளிக்காமல், முடிவெடுக்கிறவராக இருந்தார்.

பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார். அடுப்பைப் பற்றி, துணியைப் பற்றி, லாரியைப் பற்றி. கடைசியில், பாப்பாவுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும் என்றார். நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எனக்குத் தெரியுங்க மேடம். செவுத்துக்கு அந்தப் பக்கம் பாப்பா இருமுனாலே எனக்குக் கேக்கும்." அத்தனை நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். இதை நீங்களே குழுவில் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

குழந்தைகள் நலக் குழு தர்மபுரியில் உட்காரும். முடிவெடுக்கிறவர்கள் அவர்கள்தான், மேடம் தன் கருத்தைத்தான் சொல்ல முடியும். குழு எங்களை வரச் சொன்ன அன்று எங்கள் கூட்டம் முழுவதும் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறியது. சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு தக்காளித் தோட்டத்தையும் பாப்பாவுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் மட்டும் முழு வழியும் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே போனபோது மனப்பாடம் செய்த ஒரு வார்த்தையும் இல்லை.

குழுவின் தலைவர் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். இந்த அம்மாவால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். முடியும் என்றால் பொய், முடியாது என்றால் அதுவும் பொய். மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரமாட்டார் என்று புரிந்தது. அப்போது எனக்குள்ளிருந்து, யாரோ பேசுவது போல, ஒரு குரல் வந்தது.

"நேத்து மட்டும் சொல்லட்டுங்களா சார்?"

சொல்லுங்கள் என்றார். நான் விடியற்காலையிலிருந்து ஆரம்பித்தேன். பாப்பாவை எழுப்பியது சின்னவள். முகம் கழுவி விட்டது சின்னவள். களி கிளறியது நான். ஊட்டியது சின்னவள், ஏனென்றால் என் கையால் கொடுத்தால் பாப்பா துப்பிவிடும். மண்டியில் கிரேடு வைத்தது சுவர் ஓரம். வைக்கச் சொன்னது மேஸ்திரி அக்கா. குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைத்தது நான். கையை விட்டு சூடு பார்த்தது சின்னவள். மறைக்காமல், யார் கை எங்கே பட்டது என்று அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். பேசப் பேசத்தான் எனக்கே ஒன்று தெரிந்தது. "மின்ன ஒரு தடவ கிரேடுக்குள்ள எறும்பு இருந்து பாப்பாவக் கடிச்சுடுச்சுங்க. அதுல இருந்து ஒவ்வொரு தடவயும் சீலய ஒதறிட்டுத்தான் படுக்க வைக்கறா. நேத்தும் ஒதறுனா. அவளுக்கு அத நாங்க யாரும் சொல்லித் தரலங்க" என்றேன். தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். அதுவரை அவர் அவளை அப்படிப் பார்க்கவில்லை.

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர் அம்மா கேட்ட கேள்விதான் கஷ்டமாக இருந்தது. நாளைக்கு நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்றார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியலைங்க என்றேன். அப்போது மேடம் எழுந்தார். "நேத்தைய அவங்க சொல்லிட்டாங்க. நாளைக்குப் பதில் சொல்றது என் வேலைங்க. நான் போய்ப் பாத்துக்கிட்டே இருப்பேன். மாறுனா நானே வந்து சொல்றேன்" என்றார்.

பாப்பா தாயிடமே இருக்கட்டும் என்று குழு சொன்னது. கேஸ் அடுப்பை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், பகலில் பாப்பா அங்கன்வாடிக்குப் போக வேண்டும், மண்டிக்குள் வரக்கூடாது, மேடம் தவறாமல் வந்து பார்க்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் மேஸ்திரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஊமையாட்டம் இருந்துட்டு எப்படிப் பேசுனா பாருடி" என்று மற்றவர்களிடம் சொன்னார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒருவர் சொன்னதில் அதைவிடப் பெருமையாக எனக்கு வேறெதுவும் படவில்லை.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அது மேடத்துக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அடுத்த மழைக்காலத்தில் சின்னவளுக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. என் மாமியாரும் அப்போது படுக்கையில் இருந்தார். மேஸ்திரி அக்கா, மகளின் பிரசவத்துக்காக நல்லம்பள்ளிப் பக்கம் போயிருந்தார். எப்படியாவது சமாளித்துக்கொள்கிறோம் என்று நாங்கள் சொன்னோம். மேடம் ஒவ்வொருவரிடமும் நேற்றைக் கேட்டார். கேட்டு முடித்ததும், பாப்பா கொஞ்ச நாளைக்கு இல்லத்தில் இருக்கட்டும் என்று குழுவுக்கு எழுதினார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஆத்திரம் வந்தது. இதற்காகவா குழு வரைக்கும் போய்ப் பேசினோம் என்று கேட்டோம். சேதி தெரிந்து மகள் வீட்டிலிருந்து ஒரு நாள் வந்துபோன மேஸ்திரி அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நேற்று யாரிடமும் இடம் இல்லை, அதனால் இன்று இந்த முடிவு என்று மட்டும் சொன்னார். நாங்கள் நல்லவர்கள் என்பதை வைத்து அவர் முடிவெடுக்கவில்லை. எங்களால் முடியுமா என்பதை வைத்து எடுத்தார். இரண்டும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

சின்னவளிடம் அதை எப்படிச் சொல்வது? எத்தனை நாள் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நாங்கள் எறிந்த அழுகல் தக்காளியிலிருந்து தானாக முளைத்த செடி ஒன்று காய்த்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்ததும் மேடம் அவளைக் கையைப் பிடித்து அந்தச் செடியிடம் கூட்டிப்போனார். பச்சையாக இருந்த ஒரு காயைக் காட்டினார். உன் உடம்பு தேற வேண்டும், அதற்குள் இந்தக் காய் பழுத்துவிடும், பழுக்கும்போது பாப்பா வந்துவிடும் என்றார். சின்னவள் அழவில்லை. அந்தக் காயை விரலால் தொட்டுப் பார்த்தாள். எத்தனை நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. தக்காளியில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். பறவை கொத்தாமலிருக்க ஒரு கிழிந்த வலைத்துண்டைச் சுற்றிவைத்தாள். அவள் உடம்பும் தேறியது. மேஸ்திரி அக்காவும் மகளின் பிரசவம் முடிந்து மண்டிக்கே திரும்பிவிட்டார். ஒரு நாள் மத்தியானம் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. முன்னால் நின்றபடி பாப்பா வந்து இறங்கியது. சின்னவள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, சந்தேகமாக மேடத்தைப் பார்த்தாள்.

"இன்னும் செங்காயாத்தான் இருக்குது மேடம். பழுக்கவேயில்லையே."

மேடம் அந்தச் செடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை அவரிடம் பேசாமல் இருந்த மேஸ்திரி அக்காதான் போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகும்வரை வந்துகொண்டே இருந்தார். போகும் முன் ஒருமுறை மண்டிக்கு வந்து, மூலை உடைந்துபோயிருந்த அந்த நீலக் கிரேடிலேயே உட்கார்ந்து எங்களிடம் விடைபெற்றுப் போனார். அவர் போன பிறகு நான் மண்டிக்காரரிடம் போய், உடைந்ததுதானே, அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். நான் ஒருவரிடம் வாய்விட்டு எதையாவது கேட்டு வாங்கியது அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார்.

பாப்பா இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் வளர்ந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி அடுப்பு வைத்தோம். அவள்தான் சமைக்கிறாள். சின்னவள் அடுப்பைத் தொடுவதில்லை. ஆனால் மகள் சமைத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும், "மூடிட்டியா?" என்று கேட்பாள். மகள் மூடிவிட்டேன் என்று சொன்னாலும் போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அது போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

போன மாதம் ஒரு இளைஞர் எங்கள் தெருவுக்கு வந்தார். மேடம் பார்த்த அதே வேலைதான். கண் பார்வை குறைந்துவரும் ஒரு தாயும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். கையில் செல்போன், முகத்தில் அலைச்சல். வாசலில் நின்றுகொண்டே, "அந்தப் பசங்களப் பொதுவா யாரும்மா பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. எதைச் சொன்னால் பிள்ளைகள் போய்விடுமோ என்று பயந்து, செய்வதையெல்லாம் ஒளிக்கப் பார்க்கிற பார்வை.

நான் பின்புறம் போய் அந்தக் கிரேடைத் தூக்கி வந்தேன். வாசலில் கவிழ்த்துப் போட்டு, முந்தானையால் துடைத்தேன்.

"உக்காருங்க தம்பி. பொதுவா வேணாம். நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்."

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். கம்பி கட்டிய மூலை லேசாகக் கிறீச்சிட்டது. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து, விடியற்காலையிலிருந்து ஆரம்பித்தேன்.